டெரெக் மரியாதையாகப் பேசிய நாட்கள்

அக்கா,

இன்று காலை பாண் துண்டுகளை டோஸ்டரில் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகினேன். வழக்கம் போல யாரோ ஒருவர் தொலைபேசியில் வந்து கத்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் பவுண் காசைக் கைவிட்டு ஐரோப்பாக்காரரின் புதுக் காசுக்கு மாறினால் இந்த நாடு நாசமாய்ப் போய்விடுமாம். அவர் போக இன்னொருவர் வந்து, மாறாவிட்டால்தான் நாசம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். குறைத்த பிறகுதான் கவனித்தேன், குறைத்தது என்னுடைய கை. இந்த வீட்டில் ரேடியோவைக் குறைக்கிற ஆள் நீங்கள் அல்லவா? "கூட்டுங்கோ அக்கா, கேக்கேல்லை" என்று கத்துகிற ஆள்தான் நான். பாண் கருகி வீடெல்லாம் மணத்தது. நான் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

லண்டனில் இந்தக் கிங்ஸ்பரி வீட்டுச் சுவர் மெல்லியது என்பது உங்கள் பெரிய கவலை. செய்தியில் பிரதமரின் பெயர் வந்தாலே உங்கள் கை ரேடியோவுக்குப் போய்விடும். "சுவருக்கு அங்காலை ஆர் இருக்கினமோ, என்னத்தைக் கண்டம்?" என்பீர்கள். அங்காலை இருந்தது காது கேளாத ஒரு ஐரிஷ் கிழவி. அதைச் சொன்னதற்கு, "காது கேளாதெண்டு ஆர் சொன்னது? அவவே சொன்னவவோ?" என்று கேட்டீர்கள். உங்களோடு வாதாடி வென்றவன் யார்?

உங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த சின்னண்ணை ஊரில் ஒரு சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது ஓர் ஆயுத இயக்கத்தைப் பற்றி ஒரு பகிடி சொன்னார். அங்கே இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்று பின்னேரமே இரண்டு பேர் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, "அண்ணை, ஒரு சின்னக் கதை இருக்கு, வந்திட்டுப் போங்கோ" என்று மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கொண்டு போனது அரசாங்க ஆமி இல்லை, எங்கள் இயக்கப் பெடியள். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் யாராவது விசாரித்தால், "ஆமி பிடிச்சது" என்றுதான் நாங்கள் சொன்னோம். நீங்களும் நானும் மட்டும் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும்போதுகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

பிறகு பார்க் ரோயலில் அந்தப் பாண் தொழிற்சாலை. எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட். நீங்கள் பாணைத் தாளில் சுற்றுகிற இடத்தில், நான் அடுப்புப் பக்கம். ஷிப்டுக்குப் பொறுப்பு டெரெக். சட்டைக்குள் அடங்காத வயிறும் சிவந்த முகமுமாக வருவான். வடலண்டனில் சிவப்புச் சட்டை போட்டு விளையாடுகிற அணிதான் அவனுக்குக் குலதெய்வம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே கன்டீனில் என் முன்னால் வந்து குந்தி, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டான். பந்து விளையாட்டைத்தான் கேட்டான். நான் வாயைத் திறக்க முன்பே மேசைக்குக் கீழே உங்கள் சப்பாத்து என் காலை மிதித்தது. "ஒருத்தற்றை பக்கமும் இல்லையெண்டு சொல்லு" என்று தமிழில் முணுமுணுத்தீர்கள். நானும் அப்படியே சொன்னேன். டெரெக் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு எழும்பிப் போனான்.

பஸ்ஸில் வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: "கேட்ட கேள்வியைப் பாத்தியே? வந்து கொஞ்ச நாளிலையே எந்தப் பக்கம் எண்டு கேக்கிறான். இவங்களோடை கவனமாய் இருக்கோணும் தம்பி."

நான் கவனமாய் இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய் சும்மா இராது. டெரெக்கைக் கடுப்பேற்றுவதற்காகவே, சிவப்புச் சட்டைக்குப் பரம எதிரியான வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் சேர்ந்தேன். அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் நல்ல காலம். தேத்தண்ணி வேளை வந்தால் தொடங்கிவிடுவோம். பந்தில் தொடங்கும், பிரதமராக இருந்த அந்த அம்மாவில் ஏறும், ஐரோப்பாவில் வந்து முடியும். டெரெக்குக்கு ஐரோப்பா என்றால் அலர்ஜி. "பார்த்துக்கொண்டிரு, சதுரப் பாண் சுட்டால் குற்றம், இனி எல்லாம் பிரெஞ்சுக்காரன் மாதிரி நீளமாய்ச் சுட வேணும் எண்டு பிரசல்ஸிலிருந்து கட்டளை வரும்" என்பான். நான் விடுவேனா? "லீவுக்குப் போறது ஸ்பெயினுக்கு. ஓடுறது ஜெர்மன்காரன்ரை கார். உன்னட்டை இருக்கிற ஒரேயொரு இங்கிலீஷ் சாமான் உன்ரை டீம். அதுவும் தோக்குது" என்பேன். அவனுடைய முகம் இன்னும் சிவக்கும். மேசையில் குத்திக் குத்திச் சிரிப்பான். இது வேறொன்றும் இல்லை, எங்கள் ஊர் நக்கல்தான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஊரில் அது செத்துப்போய்க் கனகாலம். இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் உயிரோடு இருந்தது.

உங்களுக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு கண்டம். பக்கத்து மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடாமல் இருப்பீர்கள். "நாட்டின்ரை பிரதமரை ஒரு அறை நிறைஞ்ச சனத்துக்கு முன்னாலை நக்கலடிக்கிறாய். விசரே உனக்கு?"

"அவங்கள் எல்லாரும்தானே அடிக்கிறாங்கள்."

"அவங்கள் அடிப்பாங்கள், அவங்கடை நாடு. எங்கடை விசா முடியப் போகுது. வேலைக் கடிதம் ஆர் தரோணும்? உந்த டெரெக்தானே?"

அது உண்மை. எங்களுக்கு அப்போது தற்காலிக விசா. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வேலையிடத்திலிருந்து கடிதம் கேட்டார்கள், அதில் கையெழுத்துப் போடுகிறவன் டெரெக். அதனால்தான் பவுணின் பெறுமதி விழுந்த அந்த இலையுதிர்காலத்தில் நான் சொன்ன பகிடி உங்களை அப்படி உலுக்கிவிட்டது.

பவுணைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் அரசாங்கம் கையை விரித்த மறுநாள் அது. கன்டீனில் ஒரே புறுபுறுப்பு. டெரெக் செத்த வீட்டு முகத்தோடு இருந்தான். நான் தேத்தண்ணியோடு போய், "டெரெக், பவுணுக்குச் சுகமில்லையாம். எங்கடை கோவிலிலை ஒரு அர்ச்சனை செய்விக்கிறன். அதின்ரை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன். அர்ச்சனைக்குப் பிறந்த நட்சத்திரம் சொல்ல வேண்டும் என்பதை அவனுக்கு விளங்கப்படுத்த ஐந்து நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவன் எழும்பினான். முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை. "உன்னைப் பார்சல் கட்டி பிரசல்ஸுக்கு அனுப்பப் போறன். பேப்பர் எல்லாம் தயார். என்ரை கையெழுத்து மட்டும்தான் மிச்சம்" என்றான். கன்டீன் முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரன் பகிடி விடும்போது சிரிக்க மாட்டான், அது அவனுடைய முறை. எங்களூரில் சிரிக்காமல் ஒருவன் அப்படிச் சொன்னால் அது பகிடியில்லை. நீங்கள் மூடியைப் பெட்டியில் போட்டு இறுக்கினீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பயத்தம் பணியாரம் சுட்டீர்கள். கோவிலுக்கு என்றீர்கள். சனிக்கிழமை டூட்டிங்குக்கு மரக்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் ரி.வி.யில் பந்து பார்த்துக்கொண்டிருந்தேன், தலையைக்கூடத் திருப்பவில்லை. பின்னேரம் நீங்கள் வந்தபோது பையில் மரக்கறி இருக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை டெரெக் என்னைப் பார்த்து, "காலை வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்டான்.

புதுப் பகிடியாக்கும் என்று நினைத்தேன். சனிக்கிழமை அவனுடைய ஆட்கள் விளையாடிய விளையாட்டைப் பற்றி எடுத்துவிட்டேன். "ஓம், நீ சொல்வது சரி" என்றான். ஐரோப்பாவைப் பற்றி வாயைக் கிளறினேன். "எல்லாப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது" என்றான். டெரெக்! எல்லாப் பக்கத்திலும் நியாயமாம்! பிறகு இன்றைக்கு மழை வரும் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான் போய் உட்கார்ந்தால் மேசையே அடங்கிவிடும். ஒருவன் கதிரையை இழுத்துத் தந்தான். இன்னொருவன் சீனி வேண்டுமா என்று கேட்டான். நான் கேட்காமலே வேலைக் கடிதம் வந்தது, அதில் என்னைப் பற்றிப் புகழ்ச்சி வேறு.

உள்ளபடி சொல்கிறேன் அக்கா, லண்டனில் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது அப்போதுதான். வேலையால் நிற்பாட்டப் போகிறார்களா? நான் எதையோ செய்துவிட்டேனா? சின்னண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு கிழமை பொறுத்தேன். பிறகு பாண் லொறி நிற்கிற இடத்தில் டெரெக்கை மறித்து, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சனிக்கிழமை அவனுடைய வீட்டு மணி அடித்ததாம். திறந்தால் நல்ல சேலை உடுத்து, கையில் ஒரு வாழைச்சீப்பு, பணியாரப் பெட்டி, ஒரு விஸ்கிப் போத்தலோடு நீங்கள்.

ஊரில் அதிகாரம் பண்ணுகிற விதானையாருக்கு மனம் கோணினால் வாழைக்குலையோடு போய் வாசற்படலையில் நிற்பது போல நீங்கள் போயிருக்கிறீர்கள். கன்டீனில் தேத்தண்ணி ஊத்துகிற பெண்ணிடம் விலாசம் கேட்டு, வெம்பிளியில் பந்து பார்க்க வந்த சனத்துக்குள்ளால், அந்தப் பாட்டுக்கும் கூச்சலுக்கும் நடுவில் வேலியோடு ஒட்டிக்கொண்டு நடந்து. வாழைச்சீப்பு நசியாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனீர்களாம். பிறகு நீங்களே எனக்குச் சொன்னது இது. டெரெக்கின் வீட்டுக் கதிரை நுனியில் இருந்து அழுதீர்கள். தம்பிக்கு வாய் நீளம், அவனுக்கு ஐரோப்பாவும் தெரியாது ஒன்றும் தெரியாது, அவனைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், இனிமேல் அவன் சிவப்புச் சட்டைக்காரர் பக்கம்தான் நிற்பான் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தீர்கள்.

"என்னைக் கண்டு ஒரு மனுஷி அப்படிப் பயந்ததை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை" என்றான் டெரெக். "எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. இனி உன்னோடு நான் எப்படிப் பகிடி விடுவது?" போகப் போனவன் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னான்: "உன்னை எனக்குப் பிடிக்காமல் இருந்திருந்தால் முதல் நாளே உன்னோடு மரியாதையாகத்தான் பேசியிருப்பேன்."

அன்று வீட்டுக்கு வந்து நான் உங்கள் மேல் பாய்ந்தேன். "மானத்தை வாங்கிப்போட்டியள் அக்கா! ஆரும் பகிடிக்குப் போய் மன்னிப்புக் கேப்பினமே?"

"மானம் பெரிசோ, உயிர் பெரிசோ?"

"டெரெக் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

"சலூனிலை சிரிச்சவங்களும் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லையெண்டுதானே எங்கடை சின்னவன் நினைச்சவன்" என்றீர்கள். "அவனும் பகிடிதான் விட்டவன். வேறை என்ன செய்தவன்? சொல்லு."

நான் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தேன். நீங்கள் அதை எடுத்து ஒழுங்காக வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "டெரெக் உன்னோடை இப்ப கதைக்கிறேல்லையே?"

"கதைக்கிறான். மரியாதையாய்."

"அது நல்லதுதானே?"

"நல்லதில்லை அக்கா. அங்கை ஆரோ வெளியாள் வந்தால்தான் அவங்கள் மரியாதையாய்க் கதைப்பாங்கள். இந்த ஊரிலை எனக்கெண்டு இருந்தது அந்த மேசை ஒண்டுதான்." சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

சில நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, "டெரெக்கின்ரை ஆக்கள் சனிக்கிழமை என்ன செய்தவங்கள்?" என்று கேட்டீர்கள். நான் திடுக்கிட்டேன். தோற்றார்கள், அதுவும் சொந்த மைதானத்தில், யாரையும் வெல்லாத ஒரு சோத்தி அணியிடம் என்றேன். "சோத்தி எண்டால் எவ்வளவு சோத்தி?" என்று மறுபடி கேட்டீர்கள். நான் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

மறுநாள் கன்டீனில் நீங்கள் எழும்பி டெரெக்கின் மேசைக்கு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையில் தேத்தண்ணிக் கோப்பை, அது சாசரில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐயோ, திரும்பவும் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மிஸ்டர் டெரெக்" என்று உங்கள் உடைந்த ஆங்கிலத்தில் தொடங்கினீர்கள். "நான் தந்த விஸ்கியைத் திருப்பித் தர வேண்டாம். உங்கள் ஆட்கள் விளையாடுகிற விளையாட்டுக்கு அது உங்களுக்கு இன்னும் தேவைப்படும்."

முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை உங்களுக்கு! அவனுடைய முறையை அவனிடமே காட்டினீர்கள். பாண் சுற்றுகிற இடத்தில் வருஷக்கணக்காக வாய் திறக்காத மனுஷி. டெரெக் உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மெல்ல எழும்பினான். உங்கள் கோப்பை அடிக்கிற சத்தம் என் மேசைவரை கேட்டது.

"பிரசல்ஸுக்கு இவனை அனுப்பி என்ன பிரயோசனம்?" என்றான் டெரெக் எல்லோருக்கும் கேட்க. "இந்த அம்மாவை அனுப்புவோம். ஒரு கிழமையில் ஐரோப்பா கையைத் தூக்கிக்கொண்டு வரும்!"

அடி சக்கை, அந்தச் சிரிப்பு! மேசையெல்லாம் அதிர்ந்தது. ஒருவன் எனக்கு முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டு, "உன் அக்காவிடம் கற்றுக்கொள்ளடா" என்றான். டெரெக் என் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்காரனின் தேத்தண்ணி நாறுகிறது என்றான். எனக்குப் போன உயிர் வந்தது.

அன்று பின்னேரம் பஸ்ஸின் மேல்தட்டில் முன்னுக்கு இருந்தோம். "அவன் ஒண்டும் செய்யமாட்டான்தானே?" என்று கேட்டீர்கள்.

"ஒண்டும் செய்யான் அக்கா. சிரிச்சவன், பாக்கேல்லையே?"

"பாத்தன்." கொஞ்ச தூரம் போனோம். "அப்ப நான் கதைக்கலாம், என்ன?" என்றீர்கள்.

என்னிடம் அனுமதி கேட்பது போல் இருந்தது. பிறகு தொடங்கினீர்கள். இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தீர்களோ தெரியாது. பிரதமராக இருந்த அந்த அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாலை நிற்பாட்டியது பிழை என்றீர்கள். ஐரோப்பாவோடு சேர்ந்திருப்பதுதான் புத்தி, தனிய நின்று கெட்டதை நாங்கள் கண்டோம்தானே என்றீர்கள். டெரெக்கைப் போல ஒருத்தன் ஊரில் இருந்திருந்தால் என்றும் ஏதோ சொன்னீர்கள். அப்புறம் குரலைக் கொஞ்சமும் இறக்காமல், தமிழில், "என்ரை தம்பியை ஆமி கொண்டு போகேல்லை. எங்கடை பெடியள் கொண்டு போனவங்கள். ஒரு பகிடிக்காக" என்றீர்கள்.

பின்னால் இரண்டு வரிசை தள்ளி, பெற்றோல் நிலையச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். எங்கள் ஆள்தான், பார்த்தாலே தெரியும். பிரதமரைக் கிழித்து மாலை போடுகிற நான், இங்கிலாந்து முழுவதையும் நக்கலடிக்கிற நான், உங்கள் கையைப் பிடித்து, "அக்கா, மெல்ல. பின்னாலை தமிழாக்கள்" என்றேன்.

நீங்கள் திரும்பி அந்த மனிதரை ஒரு பார்வை பார்த்தீர்கள். "இருக்கட்டும்" என்றீர்கள். "வெள்ளைக்காரனுக்குப் பயமில்லாத உனக்கு உவருக்குப் பயமே?" இன்னொரு முறையும் சொன்னீர்கள், அதே குரலில்.

அந்த மனிதர் எழும்பினார். அவர் இறங்கும் தரிப்பு வந்துவிட்டது. படியிறங்கும் வழியில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். என் கை இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் உங்களைத்தான் பார்த்தார். "எங்கடை வீட்டிலையும் ஒராள் அக்கா" என்றார். பஸ் நின்றது, இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் இடம் மாறிக்கொண்டோம் போல இருக்கிறது. நீங்கள் யாரிடமும் "ஆமி பிடிச்சது" என்ற அந்தப் பொய்யைத் திரும்பச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கலியாண வீடு, கோவில், எங்கே எங்கள் சனம் நாலு பேர் கூடினாலும் நான் ஆள் மாறிவிடுவேன். டெரெக் அங்கே வந்திருந்தால் என்னை அடையாளம் கண்டிருக்க மாட்டான். நீங்கள் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தீர்கள், ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டவில்லை.

போன மாரிக் குளிரில் நீங்கள் என்னை விட்டுப் போனீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மண்டபம் நிறையச் சனம். சாப்பாட்டு நேரம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பழைய ஆள், எனக்கு முன்னால் இருந்து பெருமூச்சு விட்டார். "சின்னவனும் போய், இப்ப உன்ரை அக்காவும் போயிட்டா. சின்னவனை ஆமிதானே தம்பி கொண்டு போனது?" என்று கேட்டார். கேள்வியா அது? நான் தலையாட்டினால் போதும், அவர் அடுத்த கறிக்குப் போய்விடுவார். நீங்கள் இல்லாத மண்டபத்தில் அதற்குப் பதில் சொல்ல நான் மட்டும்தான் இருந்தேன்.

சுற்றிப் பார்த்தேன் அக்கா. எனக்குத் தெரிந்த முகங்கள், தெரியாத முகங்கள். "இல்லை. எங்கடை பெடியள்தான் கொண்டு போனவங்கள். ஒரு பகிடி சொன்னதுக்காக" என்றேன். மெல்லச் சொல்லவில்லை. சோற்றில் கை வைத்திருந்த நாலைந்து பேரின் கை நின்றது. பிறகு யாரோ ரசம் கேட்டார்கள், வாளி வந்தது.

அன்றிலிருந்து கதவு தட்டினால் முதலில் யன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். தெருவில் தெரியாத தமிழன் ஒருவன் இரண்டாம் முறை பார்த்தால் மற்றப் பக்கத்துக்குக் கடந்து போகிறேன். சொல்லியிருக்கத் தேவையில்லையோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு தரம் யோசிக்கிறேன். உங்கள் பயத்தை நான் எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன். இப்போது அது முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இனி யார் வந்து சின்னண்ணையைப் பற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். சொன்னது சொன்னதுதான், அக்கா.